ஜெர்மனி பிளாக்டு அக்கவுண்டுக்கு 12,000 யூரோ: எந்த வழியில் அனுப்பினால் செலவு குறைவு?

நூல்கண்டு_திருப்பூர்

வணக்கம். மகளுக்கு ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் இடம் கிடைத்திருக்கிறது. விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்ட் (ஒரு வருடச் செலவை முன்கூட்டியே போட்டு, மாதாமாதம் மட்டும் எடுக்கும் பூட்டிய கணக்கு) காட்ட வேண்டும். மாதம் 992 வீதம் வருடத்துக்கு 11,904 யூரோ. கணக்கு நடத்தும் நிறுவனத்தின் கட்டணமும் சேர்த்து 12,000 யூரோ ஒரு சென்ட் குறையாமல் போய்ச் சேர வேண்டும் என்கிறார்கள். இன்று கூகுளில் ஒரு யூரோ 102 ரூபாய் காட்டுகிறது. மூன்று இடத்தில் விசாரித்தேன்:

பொதுத்துறை வங்கிக் கிளை: யூரோ 104.10, கமிஷன் 500. அந்தப் பக்கத்து வங்கி ஏதாவது பிடித்தால் தங்களுக்குத் தெரியாது என்கிறார்கள்.

தனியார் வங்கி ஆப்: யூரோ 104.75, கமிஷன் கிடையாது. ஆனால் டி.சி.எஸ் (அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வருமான வரி) மட்டும் 51,400 ரூபாய் காட்டுகிறது.

அன்னியச் செலாவணி நிறுவனம்: யூரோ 102.90, கட்டணம் 750, முழுத் தொகையும் சேர்வதற்குத் தனியாக 1,500.

கல்விக் கடன் எடுக்கவில்லை. ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறோம், பார்ட்னர்ஷிப். பணம் இப்போது கம்பெனி கரண்ட் அக்கவுண்டில் இருக்கிறது. இந்த நிதியாண்டில் (2025-26) இதற்கு முன் வெளிநாட்டுக்கு எதுவும் அனுப்பவில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது? 51,400 ரூபாயைத் தவிர்க்க வழி உண்டா?

செலாவணி_மேசை

டி.சி.எஸ்-ஐ இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அது வரி, திரும்பக் கிடைக்கும். முதலில் திரும்பவே வராத பணத்தைப் பார்ப்போம். அது மூன்று இடத்தில் ஒளிந்திருக்கிறது: ரேட்டில், கட்டணத்தில், வழியில் இருக்கும் வங்கிகளின் பிடித்தத்தில். ஆகவே யாரிடம் கேட்டாலும் கேள்வியை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: "டி.சி.எஸ் தவிர என் கணக்கில் மொத்தம் எத்தனை ரூபாய் கழியும்? அங்கே எத்தனை யூரோ விழும்?" கமிஷன் இல்லை என்ற பேச்சுக்கு இதில் இடமே இல்லை.

உங்கள் எண்களைப் போட்டுப் பார்க்கலாம். கூகுள் காட்டும் 102 என்பது இடைச்சந்தை விகிதம், அதாவது சந்தையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுப்புள்ளி. அதில் 12,000 யூரோவுக்கு 12,24,000 ரூபாய்.

தனியார் ஆப்பில் 12,57,000. அதன்மேல் செலாவணி மாற்றத்துக்கான ஜி.எஸ்.டி 1,036. ஆக 12,58,036. கமிஷன் இல்லாத இந்த வழியில்தான் அதிகச் செலவு, 34,036 ரூபாய்.

பொதுத்துறைக் கிளையில் 12,49,200, ஜி.எஸ்.டி 1,035, கமிஷன் அதன் ஜி.எஸ்.டி-யோடு 590. ஆக 12,50,825. இடைவங்கிப் பிடித்தம் இதில் சேரவில்லை.

செலாவணி நிறுவனத்தில் 12,34,800, ஜி.எஸ்.டி 1,032, இரண்டு கட்டணங்களும் ஜி.எஸ்.டி-யோடு 2,655. ஆக 12,38,487. தனியார் ஆப்பைவிட 19,549 ரூபாய் குறைவு, யூரோவும் முழுதாகச் சேரும்.

செலாவணி மாற்றத்துக்கான ஜி.எஸ்.டி எங்கே போனாலும் ஒரே சூத்திரம்தான், அதில் பேரம் இல்லை. ஒரு லட்சம் வரை தொகையின் 1 சதவீதம், குறைந்தது 250 ரூபாய், சேவை மதிப்பாகக் கொள்ளப்படும். ஒரு லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை 1,000 ரூபாயும், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் 0.5 சதவீதமும். 10 லட்சத்துக்கு மேல் 5,500 ரூபாயும், மேற்பட்டதில் 0.1 சதவீதமும், உச்சம் 60,000. இந்த மதிப்பில் 18 சதவீதம்தான் வரி. தொகை பெரிதாகப் பெரிதாக விகிதம் குறைவதால், ஒன்றாக அனுப்புவதைவிடத் துண்டு துண்டாக அனுப்பினால் இந்த வரி கூடும்.

அடுத்தது ரேட். உங்கள் தொகைக்கு ஒரு பைசா என்பது 120 ரூபாய். 10 பைசா குறைத்துப் பேசினால் 1,200 மிச்சம். கிளைகளில் சொல்வது பெரும்பாலும் கார்டு ரேட். காலையில் போட்டு நாள் முழுக்க வைத்திருப்பது. இடையில் சந்தை ஏறினால் வங்கிக்கு நஷ்டம் வராதிருக்க முன்கூட்டியே இடைவெளி விட்டிருப்பார்கள். யூரோவுக்கு அந்த இடைவெளி டாலரைவிட அகலமாக இருக்கும். காரணம், யூரோ-ரூபாய் விலை நேரடியாகப் பிறப்பதில்லை. டாலர்-ரூபாயையும் யூரோ-டாலரையும் பெருக்கி எடுப்பது. இரண்டு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் மார்ஜின் ஒட்டிக்கொள்ளும்.

12,000 யூரோ கார்டு ரேட்டில் போக வேண்டிய தொகை அல்ல. காலை 10.30-க்கு மேல் கிளையின் செலாவணி அதிகாரியிடம், "கார்டு ரேட் வேண்டாம், டிரஷரியில் லைவ் ரேட் வாங்கிக் கொடுங்கள். இண்டர்பேங்குக்கு மேல் எத்தனை பைசா வைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள், பதில் மாறும். திருப்பூரில் ஏற்றுமதிக்காரர்களின் யூரோவைத் தினமும் கையாளும் கிளைகள் ஏராளம். உங்கள் கம்பெனிக் கணக்கு உள்ள கிளையிலேயே அந்த மேசை இருக்கலாம், அங்கே பேச உங்களுக்கு உரிமை உண்டு. அவர்கள் 60 பைசா மார்ஜினில், அதாவது 102.60-இல் கொடுத்தால், கமிஷனும் முழுத் தொகைக் கட்டணமும் மற்றவர்கள் அளவிலேயே இருந்தாலும் மொத்தம் ஏறத்தாழ 12,34,600. செலாவணி நிறுவனத்தைவிட 3,900 ரூபாய் குறைவு.

பேரத்துக்கு முன் ஒரு அளவுகோல் வேண்டுமல்லவா? எஃப்.பி.ஐ.எல் (ஃபைனான்ஷியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா நிறுவனம்) ஒவ்வொரு வேலை நாளும் மதியம் டாலர், யூரோ, பவுண்டு, யென் நான்குக்கும் குறிப்பு விகிதம் வெளியிடுகிறது. அதையும் உங்களுக்குச் சொன்ன ரேட்டையும் பக்கத்தில் வைத்தால் மார்ஜின் தெரிந்துவிடும். சனி, ஞாயிறு ஆப்பில் காட்டும் ரேட்டை நம்பிப் பதிய வேண்டாம். சந்தை மூடியிருக்கும்போது இடைவெளி இன்னும் அகலம்.

ரேட்டைப் பேசி புக் செய்துவிட்டால் பணம் அன்றே கணக்கில் இருக்க வேண்டும். பிறகு வேண்டாம் என்றால் ரத்து நஷ்டம் உங்கள் தலையில்.

ஆடிட்டர்_கோவை

நூல்கண்டு சார், மேலே சொன்ன கணக்கு சரிங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு கவனிங்க. கம்பெனி கரண்ட் அக்கவுண்டிலிருந்து இதை அனுப்பவே முடியாது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கற எல்.ஆர்.எஸ் திட்டம் தனிநபருக்கு மட்டும்தான், ஆளுக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர். பார்ட்னர்ஷிப், ஹெச்.யூ.எஃப் (இந்து கூட்டுக் குடும்பம்), டிரஸ்ட் எதுக்கும் கிடையாது. உங்க கேப்பிட்டல் கணக்கிலிருந்து டிராயிங்ஸா எடுத்து, உங்க சொந்த சேவிங்ஸ் கணக்குக்கு மாத்தி, அங்கிருந்து அனுப்பணும். செலாவணி நிறுவனம் மூலமா போனாலும் இதேதான். உங்க பேர்ல இருக்கற கணக்கிலிருந்து ஆர்.டி.ஜி.எஸ் போகணும். வேற ஆள் கணக்குப் பணத்தை வாங்க மாட்டாங்க.

இப்ப அந்த 51,400. ஆப்பில் நோக்கம் என்ன தேர்ந்தெடுத்தீங்கன்னு பாருங்க. "குடும்பப் பராமரிப்பு" அதாவது எஸ்1301-ங்கற நோக்கக் கோடு போட்டிருப்பீங்க. 2025-26 நிதியாண்டுக்கு 10 லட்சம் வரைக்கும் டி.சி.எஸ் இல்லை. அதுக்கு மேல உள்ள தொகைக்கு, கல்விக்கும் மருத்துவத்துக்கும் 5 சதவீதம், மத்த நோக்கத்துக்கு 20 சதவீதம். உங்க 12,57,000-இல் மேற்பட்டது 2,57,000. அதில் 20 சதவீதம்தான் 51,400. எஸ்0305, அதாவது வெளிநாட்டுக் கல்விக்கான பயணம், கட்டணம், விடுதிச் செலவு உட்பட, அதைப் போட்டா 12,850 ஆகிடும். படிக்கப் போறவங்க அன்றாடச் செலவும் கல்வி நோக்கத்துக்குள்ளதான் வரும், அதனால பிளாக்டு அக்கவுண்டுக்கு இந்தக் கோடு சரியானதே. அட்மிஷன் கடிதத்தையும் கணக்கு திறந்த கடிதத்தையும் கூடவே கொடுங்க.

கல்விக் கடன்ல அனுப்பறவங்களுக்கும் சொல்லிடறேன்: வருமான வரிச் சட்டம் 80இ-ல வர்ற நிதி நிறுவனத்துக் கடன்னா, எவ்வளவு தொகையானாலும் 2025 ஏப்ரல்லருந்து டி.சி.எஸ் பூஜ்யம். கடன் கொடுத்த வங்கி வழியாத்தான் அனுப்பணும்னு இல்லை. வேற இடத்தில் ரேட் நல்லா இருந்தா சாங்ஷன் லெட்டர் காட்டி அங்கேயே அனுப்பலாம்.

நூல்கண்டு_திருப்பூர்

ஆமாம், குடும்பப் பராமரிப்புதான் போட்டிருந்தேன். மிக்க நன்றி. அப்படியானால் நானும் மனைவியும் ஆளுக்குப் பாதியாக அனுப்பினால் இருவருமே 10 லட்சத்துக்குள் வந்துவிடுவோம், டி.சி.எஸ் சுத்தமாக இருக்காது அல்லவா?

ஆடிட்டர்_கோவை

இருக்காதுங்க, சட்டப்படி தப்பும் இல்லை. 10 லட்சம் வரம்பு ஒவ்வொரு பான் எண்ணுக்கும் தனித்தனி. ஆனா லாபமான்னு கணக்குப் போடுங்க.

102.90 ரேட்டில் ஒரே ஆள் அனுப்பினா டி.சி.எஸ் 11,740. நீங்க 9,500 யூரோ, வீட்டில் அவங்க 2,500 யூரோன்னு பிரிச்சா அது பூஜ்யம். ஆனா செலாவணி ஜி.எஸ்.டி 1,032-லருந்து 1,291 ஆகும். ரெண்டாவது அனுப்பலுக்கு 750-ம் 1,500-ம் ஜி.எஸ்.டி-யோட மறுபடி 2,655. ஆகக் கூடுதல் செலவு 2,914 ரூபாய், இது திரும்பி வராது. 11,740 ரூபாய் ஒரு வருஷம் முடங்கினா, 7 சதவீத வட்டி கணக்கில் நஷ்டம் 822 ரூபாய்தான். ஒரே ஆள் அனுப்பி, வரியைத் திரும்ப வாங்கறதுதான் இங்கே மலிவு. தொகை 20 லட்சம்னு போனா கணக்கு மாறும், அப்பப் பிரிக்கறது நியாயம்.

அந்த டி.சி.எஸ் உங்க பான்ல 26ஏஎஸ்-ல (வருமான வரித்துறையின் வரி வரவு அறிக்கை) வரும். கம்பெனியோட அட்வான்ஸ் டாக்ஸ்ல இதைக் கழிக்க முடியாது, உங்க தனிப்பட்ட வரியில்தான். பங்குதாரர் சம்பளம், வட்டி மூலமா உங்களுக்குத் தனியா அட்வான்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டியிருந்தா, அடுத்த தவணையிலேயே (செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15) குறைச்சுக் கட்டுங்க. ரிட்டர்ன் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மாதச் சம்பளக்காரங்க, வெளியே பிடிச்ச வரியைச் சொல்ற 12பிஏஏ படிவத்தை ஆபீஸ்ல கொடுத்தா, மீதி மாசத்துச் சம்பளப் பிடித்தத்துல சரிக்கட்டிடுவாங்க. 2024 அக்டோபர்லருந்து அந்த வசதி இருக்கு.

இதே நிதியாண்டுக்குள்ள மறுபடி அனுப்ப வேண்டி வந்தா, அதை மட்டும் உங்க மனைவி பேர்ல அனுப்புங்க. அவங்க 10 லட்சம் அப்படியே தொடாம இருக்கும்.

15சிஏ, 15சிபி (வெளிநாட்டுக்கு அனுப்பற பணத்துக்கான வருமான வரிப் படிவங்கள்) சான்று வேணும், ஆடிட்டர்கிட்ட வாங்கிட்டு வாங்கன்னு யாராவது சொன்னா காசு செலவழிக்காதீங்க. எல்.ஆர்.எஸ்-ல தனிநபர் கல்விக்கு அனுப்பறதுக்கு விதி 37பிபி-படி அது தேவையில்லை. ஏ2 படிவம் (செலாவணி வாங்கற விண்ணப்பம்), எல்.ஆர்.எஸ் உறுதிமொழி, பான், மகளோட பாஸ்போர்ட் நகல், உறவுக்கு ஆதாரம், இவ்வளவு போதும்.

ஆஹன்_தமிழ்

எல்லோரும் ரூபாய்ப் பக்கத்தைப் பார்த்துவிட்டீர்கள். பிளாக்டு அக்கவுண்டில் பலரும் இடறுவது யூரோப் பக்கத்தில்.

ஸ்விஃப்ட் (வங்கிகள் நாடு கடந்து பணம் அனுப்பப் பயன்படுத்தும் வலை) அனுப்பலில் கட்டணத்தை யார் ஏற்பது என்பதற்கு மூன்று குறிகள் உண்டு: ஓ.யூ.ஆர், எஸ்.ஹெச்.ஏ, பி.இ.என். ஓ.யூ.ஆர் என்றால் எல்லாக் கட்டணமும் அனுப்புபவருக்கு. எஸ்.ஹெச்.ஏ என்றால் உங்கள் வங்கியின் கட்டணம் உங்களுக்கு, வழியில் உள்ள வங்கியும் பெறும் வங்கியும் பிடிப்பது அனுப்பிய தொகையிலிருந்து. பி.இ.என் என்றால் எல்லாமே அந்தத் தொகையிலிருந்து. ஆப்களில் பெரும்பாலும் எஸ்.ஹெச்.ஏ தானாகவே டிக் ஆகியிருக்கும். மாற்ற மறந்தால் 12,000 போய் 11,980 சேரும். வெறும் 20 யூரோதானே என்று விட முடியாது. தேவையான தொகை நிறையாவிட்டால் விசாவுக்கான உறுதிச் சான்று வராது. அந்த 20 யூரோவை அனுப்ப மறுபடி கமிஷன், மறுபடி முழுத் தொகைக் கட்டணம், மறுபடி மூன்று நாள். சில நிறுவனங்கள் இந்தக் கழிவுக்கென்றே கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்து அனுப்பச் சொல்லி, மிஞ்சியதை முதல் மாதப் பணத்தோடு தந்துவிடும். உங்கள் 12,000-இல் அப்படி ஒரு தொகை உள்ளதா என்று கடிதத்தில் பாருங்கள். இருந்தால் 1,500 ரூபாய்க் கட்டணம்கூட வேண்டாமல் போகலாம்.

நாணயம் என்ற கட்டத்தில் யூரோ என்று இருக்கிறதா என்பதை நீங்களே படித்துப் பாருங்கள். டாலரில் போய்விட்டால் ரூபாய் டாலராகி, டாலர் அங்கே யூரோவாகி, இரண்டு முறை மார்ஜின். தொகையும் சரியாக 12,000 என வராது.

ஜெர்மனி ஐபேன் (பன்னாட்டு வங்கிக் கணக்கு எண்) டி.இ என்று தொடங்கி மொத்தம் 22 எழுத்து. கடிதத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள், தட்டச்சு செய்யாதீர்கள். பெறுபவர் பெயர் உங்கள் மகள் பெயரா, நிறுவனத்தின் பெயரா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கடிதத்தில் உள்ளது உள்ளபடி. குறிப்பு எண்ணை விவரக் கட்டத்தில் முதல் வரியிலேயே போடுங்கள். அந்தக் கட்டத்துக்கு வரிக்கு 35 எழுத்து, நான்கு வரிதான் இடம். "டியூஷன் அண்ட் லிவிங் எக்ஸ்பென்ஸஸ் ஆஃப் மை டாட்டர்" என்று நீளமாக எழுதி எண்ணைக் கடைசியில் போட்டால் வெட்டுப்பட்டுப் போகும். பணம் போய்ச் சேர்ந்தும் யாருடையது என்று தெரியாமல் நிற்கும்.

கிறிஸ்துமஸ், ஈஸ்டர் வாரங்களில் அனுப்புபவர்கள் கவனிக்க: டிசம்பர் 25, 26, ஜனவரி 1, புனித வெள்ளி, ஈஸ்டர் திங்கள், மே 1 ஆகிய நாட்களில் யூரோ தீர்வு நடக்காது.

கொங்கு_மாணவன்

இதோடு ஒரு கேள்வி. அங்கே இருக்கும் சீனியர் ஒருவர் யூரோவாகத் தன் கணக்கிலிருந்து தருகிறார், நான் இங்கே அவர் அப்பாவுக்கு ரூபாயாகக் கொடுத்தால் போதும் என்கிறார். கூகுள் ரேட்டிலேயே. கட்டணமே இல்லை. செய்யலாமா? இன்னொன்று, வீட்டிலிருந்து மாதம் 300 யூரோ வாங்கினால் எது மலிவு?

செலாவணி_மேசை

முதலாவது வேண்டாம். எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் வேண்டாம். இங்கே ரூபாயும் அங்கே யூரோவும் கை மாறி, நடுவில் அனுமதி பெற்ற வியாபாரி இல்லாமல் இருப்பதைத்தான் ஃபெமா (அன்னியச் செலாவணி மேலாண்மை) சட்டத்தின் 3-ஆம் பிரிவு தடுக்கிறது. அபராதம் தொகையின் மூன்று மடங்கு வரை போகலாம். பிளாக்டு அக்கவுண்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பணம் யாரிடமிருந்து வந்தது என்று நிறுவனம் கேட்கும். பெற்றோர் அனுப்பிய ஸ்விஃப்ட் நகல் இருந்தால் அந்தக் கேள்வி ஒரு நிமிடத்தில் முடியும். கிரிப்டோ மூலம் என்று வரும் யோசனைகளுக்கும் இதே பதில்.

மாதம் 300 யூரோ என்பது ஏறத்தாழ 30,600 ரூபாய். கமிஷன் 590, செலாவணி ஜி.எஸ்.டி 55, எஸ்.ஹெச்.ஏ-வில் 15 யூரோ பிடித்தால் 1,530. ரேட் மார்ஜினைச் சேர்க்காமலே 2,175 ரூபாய், அதாவது 7 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 900 யூரோவாக அனுப்பினால் கமிஷனும் பிடித்தமும் ஒரே முறைதான். ஜி.எஸ்.டி மட்டும் கூடி 165 ஆகும். 2,285 ரூபாயில் முடியும், 2.5 சதவீதம். சின்னத் தொகைக்குக் கட்டணத்தைப் பாருங்கள், பெரிய தொகைக்கு ரேட்டைப் பாருங்கள்.

அதைவிடச் சின்னது, உதாரணமாக யூனி-அசிஸ்ட் (ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் அமைப்பு) விண்ணப்பத்துக்கு முதல் படிப்புக்கு 75 யூரோ, அடுத்ததற்கு 30 யூரோ என்று கட்டுவதற்கு ஸ்விஃப்ட் வேண்டவே வேண்டாம். கார்டில் 2 முதல் 3.5 சதவீத மார்க்அப் போனாலும் அதுவே குறைவு.

டாலரில் கட்டணம் கட்டுகிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு: கிளியரிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா 2019-இல் தொடங்கிய எஃப்எக்ஸ்-ரீட்டெயில் தளத்தில் உங்கள் வங்கி வழியாகப் பதிந்துகொண்டால், சந்தை விலையிலேயே டாலர் வாங்கலாம். வங்கி எடுக்கும் கட்டணத்தை முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கிளைகளில் தாமாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

நூல்கண்டு_திருப்பூர்

எல்லோருக்கும் நன்றி. கடிதத்தைப் பார்த்தேன், 12,000-இல் கழிவுக்கான கூடுதல் தொகை எதுவும் சேர்க்கவில்லை. ஆகவே ஓ.யூ.ஆர்தான். கிளையில் லைவ் ரேட் கேட்டதற்கு 70 பைசா மார்ஜின் சொல்கிறார்கள், முழுத் தொகைக் கட்டணம் 1,200. விசா மறுக்கப்பட்டால் பணம் எப்படித் திரும்பும் என்பது மட்டும் தெரியவில்லை.

ஆஹன்_தமிழ்

70 பைசா நல்ல ரேட்தான், 60-க்கு ஒரு முறை கேட்டுப் பாருங்கள், கிடைக்காவிட்டால் அதிலேயே போடலாம்.

மறுத்தால், மறுப்புக் கடிதத்தைப் பதிவேற்றி கணக்கை மூடச் சொல்ல வேண்டும். பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அங்கேயே திரும்பும்படி உங்கள் சேவிங்ஸ் கணக்கு எண்ணையும் உங்கள் வங்கியின் ஸ்விஃப்ட் குறியையும் கொடுங்கள். வந்து சேரும் அன்று வங்கி வாங்கும் ரேட்டில், அதாவது இடைச்சந்தைக்குக் கீழே, ரூபாயாகும். அங்கும் லைவ் ரேட் கேட்கலாம். யூரோ வந்ததும் தானாக மாற்றிவிட வேண்டாம், கூப்பிடுங்கள் என்று கிளையில் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். டி.சி.எஸ்-ஐ வங்கி திருப்பித் தராது, அது ஏற்கெனவே வரித்துறைக்குப் போயிருக்கும். ரிட்டர்னில்தான் வாங்க வேண்டும்.

அனுப்பிய அன்றே ஸ்விஃப்ட் செய்தியின் நகலை (பழைய வடிவில் எம்.டி.103) வாங்குங்கள். அதில் யு.இ.டி.ஆர் என்று கோடுகளோடு சேர்த்து 36 எழுத்தில் ஒரு எண் இருக்கும். மூன்று வேலை நாளில் சேரவில்லையென்றால் அந்த எண்ணை வைத்துப் பணம் எந்த வங்கியில் நிற்கிறது, யார் எவ்வளவு பிடித்தார்கள் என்று உங்கள் கிளையே பார்த்துச் சொல்ல முடியும். ஓ.யூ.ஆர் போட்டும் பிடித்தம் நடந்திருந்தால், அந்த நகலில் கட்டணம் யாருக்கு என்ற வரியை (பழைய வடிவில் 71ஏ) காட்டிக் கேளுங்கள். அதில் எஸ்.ஹெச்.ஏ என்று இருந்தால் தவறு கிளையில், 1,200-ஐத் திருப்பிக் கேட்கலாம்.